தையல் மெஷினும் நிதிக் கணக்கும் ஒரே மேசையில்

வாசகி கேட்கிறார்:

எனக்கு வயது 41. திருப்பூரில் இருக்கிறோம். வீட்டுக்காரர் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். மகள் பன்னிரண்டாம் வகுப்பு, மகன் ஏழாவது. மாமியார் எங்களோடு இருக்கிறார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் நன்றாகத் தைப்பேன். காதர்பேட்டையில் கட்பீஸ் வாங்கி வந்து துண்டு துண்டாக இணைத்துப் போர்வை, பை, பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டை என்று ஏதாவது செய்துகொண்டே இருப்பேன். அதுதான் எனக்கு ஓய்வு.

2022இல் எங்கள் தெருவில் ஒரு குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. சிகிச்சைச் செலவைக் காப்பீடு பார்த்துக்கொண்டது. ஆனால் கோவைக்குப் போய்வரவும் அங்கே தங்கவும் சாப்பிடவும் அந்தக் குடும்பம் திண்டாடியது. பைகள் தைத்து விற்று அந்தப் பணத்தைக் கொடுத்தேன். பிறகு ஒருவர் சொல்லி இன்னொருவர் என்று வர ஆரம்பித்தார்கள். இப்போது ஒரு பெரிய வாட்ஸ்அப் குழு இருக்கிறது. போன வருடம் மட்டும் என் சேமிப்புக் கணக்கில் மூன்றரை லட்சத்துக்கு மேல் வந்து போயிருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கும் போன் வருகிறது. ஹால் முழுக்கத் துணி மூட்டை. மாமியார் உட்கார இடமில்லை என்கிறார். வருமான வரிக்காரர் கேட்டால் என்ன சொல்வாய் என்று வீட்டுக்காரர் பயப்படுகிறார். மகளுக்குத் தைத்துத் தருகிறேன் என்று சொன்ன பாவாடை தாவணி ஒரு வருடமாக வெட்டியபடியே கிடக்கிறது. எனக்காக ஊசியை எடுத்தால், அந்த நேரத்தில் ஒரு பை தைத்திருந்தால் ஒரு குழந்தைக்கு ஆகியிருக்குமே என்று மனசு உறுத்துகிறது.

டிரஸ்ட் பதிவு செய் என்று சிலர் சொல்கிறார்கள். சிங்கப்பூரில் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தி மகன் பணம் அனுப்புகிறேன் என்கிறான். இப்போது மூன்று குடும்பங்கள் காத்திருக்கின்றன. ஒரு குடும்பத்துக்குக் காப்பீட்டு அட்டையே இல்லை. இன்னொரு குடும்பம் தாராபுரம் பக்கத்திலிருந்து சென்னை அடையாறுக்குப் போய்வருகிறது. மூன்றாவது குடும்பம் தனியார் மருத்துவமனைக்கு மாற்ற இரண்டு லட்சம் கேட்கிறது. எல்லாவற்றையும் விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. என்ன செய்யட்டும்?

சமூகப் பணியாளரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விட வேண்டாம். இப்படியே தொடரவும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. உங்களைப் போலத் தெருவிலிருந்தும் வீட்டிலிருந்தும் தொடங்கிய சிறு குழுக்களோடு பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

நேரம் போதவில்லை என்பது உங்கள் சிக்கலில் பாதிதான். எவ்வளவு செய்வது என்பதை இப்போது உங்களிடம் வருகிற தேவை தீர்மானிக்கிறது. ஒரு குடும்பம் கேட்டால் ஒன்று, மூன்று கேட்டால் மூன்று. நாளை பத்துக் குடும்பங்கள் கேட்கும். தேவைக்கு என்றைக்கும் முடிவு இருக்காது. ஆகவே அளவைக் கொடுக்கிற பக்கத்திலிருந்துதான் வைக்க முடியும். நம் வீடுகளில் பிடி அரிசி என்று ஒரு வழக்கம் இருந்தது. உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். மாதக் கடைசியில் அது கோயில் அன்னதானத்துக்கோ இல்லாத வீட்டுக்கோ போகும். அளவு அந்த வீட்டுப் பெண்ணின் கைப்பிடி. ஊரில் பசி கூடிவிட்டது என்பதற்காக ஒருநாள் மொத்தப் பானையையும் கவிழ்க்கவில்லை. வீட்டில் கைமுடை என்பதற்காக இன்னொரு நாள் பிடியை விடவும் இல்லை. அதனால்தான் அந்தப் பழக்கம் தலைமுறைகளுக்கு நின்றது.

உங்கள் பிடி எவ்வளவு என்று வீட்டுக்காரரையும் மாமியாரையும் மகளையும் உட்கார வைத்து நீங்கள் நான்கு பேரும் முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால், ஒரு சமயத்தில் ஒரு குடும்பம். அதற்கு மேல் உங்கள் வீடு தாங்காது. ஒரு குடும்பம் என்பது குறைவாகத் தோன்றலாம். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை எப்படிப் போகும் என்பதை நீங்களே கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு வரும் வகையில் சிகிச்சை மொத்தம் இரண்டு ஆண்டுகளைத் தாண்டி ஓடும். அதில் முதல் ஆறேழு மாதங்கள்தான் மிகக் கடினம். அடிக்கடி அட்மிஷன், காய்ச்சல் வந்தால் இரவோடு இரவாக ஓட்டம், அப்பாவோ அம்மாவோ வேலையை விட்டுவிட்டு மருத்துவமனைப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்க வேண்டிய நிலை. பிறகு மாத்திரையும் மாதாந்திரப் பரிசோதனையுமாகக் கொஞ்சம் இலகுவாகும். பாதியில் சிகிச்சையை விட்டுவிடும் குடும்பங்கள் பல, மருந்துக்குக் காசில்லாமல் விடுவதில்லை. பஸ்ஸுக்கும் வாடகைக்கும் இழந்த கூலிக்கும் ஈடு கட்ட முடியாமல்தான் விடுகின்றன. அந்த முதல் மாதங்களில் ஒரு குடும்பத்தை முழுதாகத் தாங்கிப் பிடித்தால், ஐந்து குடும்பங்களுக்கு ஆளுக்கு ஐயாயிரம் கொடுப்பதைவிட ஒரு குழந்தை பிழைக்க அது கூடுதலாக உதவும். இது என் உறுதியான கருத்து.

அடுத்தது பணம். உங்கள் வீட்டுக்காரரின் பயம் நியாயமானது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து, எதையும் திருப்பிக் கொடுக்காமல், ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் ஒருவர் கணக்கில் வந்தால், முழுத் தொகையையும் அவருடைய வருமானமாகப் பார்க்க வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நான் கை மாற்றித்தான் கொடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது. இதோடு பை விற்ற பணமும் அதே கணக்கில் கலந்திருக்கிறது. எது நன்கொடை, எது விற்பனை, எது வீட்டுச் செலவுக்கு வீட்டுக்காரர் போட்டது என்று ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது.

ஆகவே இன்றிலிருந்து நன்கொடைக்காக உங்கள் ஜிபே எண்ணைக் கொடுப்பதை நிறுத்துங்கள். குழந்தை சிகிச்சை பெறும் மருத்துவமனையில் நோயாளர் நல நிதியோ, அந்தக் குழந்தையின் பெயரில் பணம் கட்டும் வசதியோ இருக்கிறதா என்று அங்கிருக்கும் மருத்துவச் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் ஊரில் முறையாகப் பதிவு பெற்ற, நன்கொடைக்கு வரிச் சலுகை தரும் 80ஜி சான்று உள்ள அமைப்பு ஒன்றோடு பேசுங்கள். ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களின் அறக்கட்டளைகள் போன்றவை இதற்குச் சம்மதிக்கக்கூடும். பணம் நேரே அங்கே போகட்டும், ரசீதும் அவர்களே கொடுக்கட்டும். கொடுப்பவர் பழைய வரி முறையில் இருந்தால் அவருக்கு வரிச் சலுகையும் கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது என்பதையும் கொடுப்பவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது ஆட்களைக் கூட்டுவது. பணத்தை வைத்துக்கொள்வது உங்கள் வேலையாக இருக்க வேண்டாம். பாதி பாரம் இதிலேயே இறங்கிவிடும்.

கையில் வாங்கியே ஆக வேண்டிய தொகைகள் சில இருக்கும். பக்கத்து வீட்டுப் பாட்டி இருநூறு ரூபாயைக் கையில் திணிப்பார், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அதற்குப் புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்து முறையைப் பின்பற்றுங்கள். அங்கே பணத்தை வாங்குகிறவர் ஒருவர், நோட்டில் எழுதுகிறவர் இன்னொருவர். எல்லோர் கண்ணுக்கும் முன்னால் ஊர், பெயர், தொகை எழுதப்படும். தலைமுறை கடந்தும் அந்த நோட்டு பேசும். உங்களுக்கும் அப்படி இன்னொரு ஆள் வேண்டும், அவர் உங்கள் குடும்பத்துக்கு வெளியே இருப்பவராக இருக்க வேண்டும். வாங்கியது நீங்கள், எழுதியது அவர். மாதம் ஒருமுறை அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் குழுவில் போடுங்கள். பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்பவருக்கு 'நலம் விரும்பி' என்று எழுதினால் போதும். இதுவரை உங்கள் மேல் யாரும் சந்தேகப்படவில்லை. நீங்கள் நேர்மையானவர் என்பது ஊருக்கே தெரியும் என்பதுதான் காரணம். ஆனால் மூன்றரை லட்சம் தனி ஒருவர் கையில் புரளும்போது, ஒரே ஒரு வாய்ச்சொல் போதும், உங்கள் பெயரும் கெடும், அந்தக் குழந்தைகளுக்கு வருவதும் நின்றுபோகும்.

சித்தி மகன் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பிறந்தது தமிழ்நாடாக இருந்தாலும், சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டதால் சட்டப்படி அவர் வெளிநாட்டவர். இதுபோன்ற பொதுக் காரியத்துக்கு அவர் அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதை வாங்கக் கூடாது. அந்தப் பதிவு உள்ள மருத்துவமனை அல்லது தொண்டு நிறுவனத்துக்கு அவரே நேராக அனுப்பட்டும். இந்தியக் கடவுச்சீட்டோடு துபாயில் வேலை பார்க்கும் அண்ணன் தம்பிகள் தங்கள் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வேறு கணக்கு, அது வெளிநாட்டு நன்கொடையில் சேராது. குழுவில் இரண்டு வகையினரும் இருப்பார்கள், முதலிலேயே பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

டிரஸ்ட் பதிவு இப்போதைக்கு வேண்டாம். பதிவு ஒருநாள் வேலைதான், பிறகு வருவது வருடா வருடம் நீங்காது. தனி பான் எண், வங்கிக் கணக்கு, ஆடிட், வருமான வரித் துறையில் பதிவும் புதுப்பிப்பும், நன்கொடையாளர் பட்டியல் தாக்கல் என்று அது இன்னொரு குடித்தனம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் சங்கமாகப் பதிவதற்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். அந்த எண்ணிக்கையை ஒரு சோதனையாக எடுத்துக்கொள்ளலாம். பெயருக்குக் கையெழுத்துப் போடாமல், வேலையைப் பங்கு போட்டுக்கொள்ள ஏழு பேர் முன்வந்தால் அன்றைக்குப் பதிவைப் பற்றி யோசியுங்கள். வரவில்லை என்றால், பதிவுச் சான்றிதழ் உங்கள் தலையில் இன்னொரு மூட்டையாகத்தான் ஏறும்.

ஆள் சேர்ப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் அடையாறு பற்றி எழுதியிருந்ததால் நினைவு வந்தது. அங்கிருக்கும் புற்றுநோய் நிலையம் 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. அதன் பின்னால் இருந்தது அரசாங்கமோ பெரும் பணக்காரர்களோ இல்லை. இந்திய மாதர் சங்கத்தின் புற்றுநோய் நிவாரண நிதிதான். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி அதற்குத் தலைமை தாங்கினார். அவ்வளவு ஆற்றல் உள்ளவரே சங்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டுதான் இறங்கினார். அந்த நிலையத்தின் பெயரோடு இன்றும் மாதர் சங்கத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் குழுவில் இருப்பவர்களில் எத்தனை பேரிடம் இதுவரை பணம் தவிர வேறு எதையாவது கேட்டிருக்கிறீர்கள்? ஒருவர் மருத்துவமனையோடு பேசலாம். ஒருவர் கணக்கு எழுதலாம். கார் வைத்திருப்பவர் மாதம் ஒருமுறை ஒரு குழந்தையைக் கோவைக்குக் கூட்டிப் போகலாம். கேட்கப்படாததால் கொடுக்காமல் இருப்பவர்களே அதிகம்.

இனி தையல். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இந்த இடம்தான்.

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பையை 150 ரூபாய்க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். துணி, உள்துணி, ஜிப், நூல், கரண்ட், கூரியர் கவர் எல்லாம் சேர்ந்து 70 ரூபாய் போகும். மிச்சம் 80. வெட்டித் தைத்து ஓரம் மடித்து முடிக்க முக்கால் மணி நேரம். 40 பைகள் என்றால் 30 மணி நேரம், கையில் நிற்பது 3,200 ரூபாய். இதே தொகையை, நன்றாக எழுதிய ஒரு செய்தியைப் படித்து 16 பேர் ஆளுக்கு 200 ரூபாய் போட்டால் ஒரு மாலைப்பொழுதில் திரட்டிவிடலாம். 'எனக்காகத் தைக்கிற நேரத்தில் ஒரு பை தைத்திருந்தால் ஒரு குழந்தைக்கு ஆகியிருக்குமே' என்கிறீர்களே, உங்களை உறுத்துவது அந்த 80 ரூபாய்தான். அதற்காக நீங்கள் விட்டுக்கொடுத்திருப்பது இருபது வருடமாக உங்களைத் தெம்பாக வைத்திருந்த ஒரே வேலையை.

பை விற்பதால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. நன்கொடை என்றதும் போனைக் கீழே வைப்பவர், பை அழகாக இருக்கிறது என்று வந்து நிற்பார். கையில் எடுத்துப் பார்த்தபடியே எதற்காக விற்கிறீர்கள் என்று கேட்பார். அப்படி வருகிறவர் அடுத்த வருடமும் வருவார். மஞ்சப்பைக்கு ஊரில் மதிப்புத் திரும்பியிருக்கும் காலம் இது. 2019இல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்ததும், 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று தொடங்கியதும் துணிப்பைக்கு நல்ல வாய்ப்பு. ஆனால் வருடத்துக்கு ஒரு விற்பனை போதும். நவராத்திரிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உங்கள் தெருவிலோ அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்திலோ வையுங்கள். அதுவரை உங்களுக்குத் தைக்கத் தோன்றியதைத் தோன்றியபோது தைத்துச் சேர்த்து வையுங்கள். இருப்பதை விற்றுவிட்டு மேசையை மடியுங்கள். ஆர்டர் எடுக்காதீர்கள். 'அந்த நீலக் கலரில் இன்னும் பத்து வேண்டும்' என்று கேட்பவரிடம் அடுத்த நவராத்திரிக்கு வாருங்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். ஆர்டர் என்று வந்த நிமிடமே அது வேலையாகிவிடும், சம்பளம் இல்லாத வேலை. திருப்பூரில் இருக்கும் உங்களுக்குப் பீஸ் ரேட்டைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

மகளின் பாவாடை தாவணியை இந்த வாரம் எடுங்கள். வெட்டிய துணி ஒரு வருடமாகக் கிடக்கிறது என்றால் அவள் வளர்ந்திருப்பாள், அளவை மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். பக்கத்தில் நிற்க வைத்து அளவெடுங்கள். அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு வருகிறது. இந்த வருடம் அவளைப் பேக்கிங் வேலைக்கோ குழுவில் பதில் போடுவதற்கோ இழுக்காதீர்கள். தானாக வந்து கேட்டால் அது வேறு. அம்மா ஊருக்கே தைக்கிறாள், எனக்கு மட்டும் நேரமில்லை என்று ஒரு பெண் மனசில் பதிந்துவிட்டால், தொண்டு என்ற சொல்லே அவளுக்குக் கசந்துவிடும். நோயுற்ற குழந்தைக்கு நீங்கள் செய்வதும் இவளுக்குப் பாவாடை தைப்பதும் ஒரே மனசிலிருந்து வருகிற காரியங்கள்தான். ஒன்றிலிருந்து பிடுங்கி மற்றொன்றுக்குக் கொடுப்பதாக நினைப்பதை விட்டுவிடுங்கள்.

வாரத்தில் இரண்டு நாள் உங்கள் மெஷினில் விற்பனைக்கான துணி ஏறக் கூடாது. எந்த நாள் என்பது உங்கள் விருப்பம். அந்த நாட்களில் தைப்பது யாருக்கும் பயன்படாததாக இருக்கலாம், பாதியில் பிரித்துப் போட்டதாகவும் இருக்கலாம். கையில் கிடைத்த இரண்டு கட்பீஸை ஒட்டி வைத்துப் பார்த்து, இந்த நிறமும் அந்த நிறமும் சேருகிறதா என்று கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பீர்களே, அதைத்தான் சொல்கிறேன். உங்கள் பைகள் மற்றவர்களுடையதைப் போல இல்லாமல் இருப்பதற்குக் காரணமே அந்தச் சும்மா உட்கார்ந்த நேரம்தான். அது இல்லாமல் வரிசையாகத் தைத்தால் காதர்பேட்டையில் மொத்த விலைக்குக் கிடைக்கிற பைக்கும் உங்கள் பைக்கும் வித்தியாசம் இருக்காது.

மாமியார் சொல்வதும் சரி. ஹால் அவருக்கும் சொந்தம். வயதானவர்களுக்கு நாற்காலியும் ஜன்னலும் டிவியும் இருக்கிற அந்த ஒரு இடம்தான் உலகம். துணியெல்லாம் ஒரு பீரோவுக்குள்ளோ கட்டிலுக்கு அடியில் இரண்டு டிரங்குப் பெட்டிக்குள்ளோ அடங்க வேண்டும். அதற்குமேல் யார் துணி கொடுத்தாலும் வாங்காதீர்கள். இலவசமாகக் கிடைக்கிறதே என்று வாங்கிக் குவித்த மூட்டைதான் இன்றைக்கு ஹாலில் கிடக்கிறது.

போனுக்குத் தனி எண் வாங்கி, பழைய போன் ஒன்றில் போட்டு, தினமும் மாலை ஒரு மணி நேரம் மட்டும் திறந்து வையுங்கள். குழுவில் நிர்வாகிகள் மட்டுமே பதிவிடும்படி மாற்றிவிடுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு வருகிற அழைப்பில் நீங்கள் அப்போதே செய்யக்கூடியது எதுவும் இருப்பதில்லை. அவசரம் என்றால் அவர்கள் போக வேண்டிய இடம் மருத்துவமனையின் அவசரப் பிரிவு, கூப்பிட வேண்டியது 108.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. நோயுற்ற குழந்தைகளைப் பற்றித் தினமும் கேட்டுவிட்டு அதே கையோடு இரவுச் சாப்பாடு பரிமாறுவது சாதாரணப் பாரமில்லை. மருத்துவமனையில் இந்த வேலை செய்பவர்களுக்கு மனசில் உள்ளதைப் பேச உடன் வேலை செய்பவர்கள் இருப்பார்கள். உங்களுக்கு யாரும் இல்லை. புதிதாக வரும் குடும்பத்தோடு பேசும்போது கூட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இருவரும் பேசிக்கொள்ளலாம். தூக்கம் கெடுகிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலவசம்.

குழுவில் போடும் குழந்தைகளின் படங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முடி கொட்டி, மூக்கில் குழாயோடு இருக்கும் படத்துக்குப் பணம் சீக்கிரம் வரும் என்பது உண்மை. அந்தக் குழந்தை பிழைத்துப் பள்ளிக்கூடம் போகும், கல்யாண வயதுக்கு வரும். அப்போதும் அந்தப் படம் யாருடைய போனிலாவது இருக்கும். முகம், பெயர், ஊர் எதுவும் வேண்டாம். வயது, என்ன சிகிச்சை, எவ்வளவு தேவை, பணம் எங்கே கட்ட வேண்டும் என்பது போதும். ஏற்கெனவே போட்டதை இன்றைக்கே நீக்கிவிடுங்கள்.

போன வருடத்துக் கணக்குக்கு வங்கி அறிக்கையை எடுத்து, யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போனது என்று வரி வரியாக எழுதி, மருத்துவமனை ரசீதுகளைப் பின்னால் இணைத்து ஒரு ஆடிட்டரிடம் கொடுங்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்கு வழக்கமான கடைசி நாள் ஜூலை 31, அதற்கு முன்பே போய்விடுங்கள்.

இனி, காத்திருக்கும் அந்த மூன்று குடும்பங்கள்.

அட்டை இல்லாத குடும்பத்துக்கு உங்கள் பணத்தைவிட அட்டைதான் முக்கியம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் இவற்றோடு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். குழுவில் விவரம் தெரிந்த ஒருவரை அவர்களோடு அனுப்புங்கள். பணம் செலவாகாத இந்த உதவியை உங்கள் பிடிக்குள் கணக்கு வைக்க வேண்டியதில்லை.

தாராபுரத்துக் குடும்பத்தை உங்கள் ஒரு குடும்பமாக எடுத்துக்கொள்ளுங்கள். தூரம்தான் அவர்களை வாட்டுகிறது. சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகை உண்டு, துணைக்குப் போகும் ஒருவருக்கு நான்கில் மூன்று பங்கு குறையும். மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கி ரயில் நிலைய முன்பதிவு மையத்தில் கொடுக்க வேண்டும். பலருக்கு இது தெரிவதே இல்லை, பஸ்ஸுக்கு ஒவ்வொரு முறையும் கொட்டிக் கொடுக்கிறார்கள். திருப்பூருக்கு வந்து ரயில் ஏறுவதற்கும், சென்னையில் தங்கிச் சாப்பிடுவதற்கும், அந்த நாட்களின் கூலிக்கும் எவ்வளவு ஆகும் என்று அவர்களோடு உட்கார்ந்து ஒரு தொகை எழுதுங்கள். அதுதான் இந்த முறை நீங்கள் திரட்ட வேண்டியது.

இரண்டு லட்சம் கேட்கும் குடும்பத்துக்கு உங்களால் ஆகாது. எந்த மருத்துவமனை நல்லது என்று முடிவு சொல்வதும் உங்கள் வேலையில்லை. 'எங்களால் இப்போது ஒரு குடும்பத்துக்கு மட்டும்தான் செய்ய முடிகிறது, இந்தத் தொகை எங்கள் சக்திக்கு மேல். மாற்றுவதற்கு முன்னால் இப்போது பார்க்கும் டாக்டரிடமும் அங்கிருக்கும் சமூகப் பணியாளரிடமும் ஒருமுறை பேசுங்கள், தனியார் மருத்துவமனையிலும் காப்பீடு செல்லுமா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்' என்று நேரில் போய்ச் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம். பார்க்கலாம், முயற்சி செய்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த வார்த்தையை நம்பி அவர்கள் காத்திருப்பார்கள். இன்னொரு கதவைத் தட்ட நேரம் இருக்கும்போதே அவர்களுக்குத் தெரிய வேண்டும், அதனால் நாளைக்கே போய்விடுங்கள்.